எந்த டோர்செஸ்டர்?

சென்ற இலையுதிர் காலத்தோடு எங்கள் டாக்சி நிறுவனத்தில் அழைப்பு மேசை என்ற ஒன்று இல்லாமல் போயிற்று. இப்போது வாடிக்கையாளர் தன் கைபேசியில் வரைபடத்தைத் திறந்து, நிற்கும் இடத்தில் ஒரு புள்ளி வைக்கிறார். போக வேண்டிய இடத்தில் இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் நடுவே மனிதக் குரல் தேவையில்லை. மேசையில் எஞ்சியிருந்த சிலர் வேறு பகுதிகளுக்கு மாறினார்கள். எனக்கு ஐம்பத்தொன்பது வயது. ஓய்வு கேட்டேன், கொடுத்தார்கள்.

அந்தப் புதிய செயலியை எங்களுக்குப் பழக்க வந்தவர்களில் காவ்யா என்று ஒரு சென்னைப் பெண் இருந்தார். கெட்டிக்காரி. கடைசி வாரத்தில் ஒரு தேநீர் இடைவேளையில் கேட்டார்:

“மேடம், ஒரே பேர்ல ரெண்டு தெரு இருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க? எங்க சிஸ்டம் பக்கத்துல இருக்கறத எடுத்துக்குது. பாதி நேரம் அது தப்பா போகுது.”

“கேட்போம்” என்றேன்.

“என்னன்னு கேப்பீங்க?”

டோர்செஸ்டர் என்ற பெயரை எடுத்துச் சொல்லத் தொடங்கினேன். சொல்லி முடிப்பதற்குள் இடைவேளை முடிந்துவிட்டது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

நான் மொன்ட்ரியாலுக்கு வந்தது 1986இல், இருபது வயதில். முதல் வேலை ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்குவது. பிறகு ஒரு தையல் தொழிற்சாலை. மாலையில் பிரெஞ்சு வகுப்பு. பிரெஞ்சு ஓரளவு கைவந்ததும், தமிழும் ஆங்கிலமும் சேர்த்து மூன்று மொழி தெரிந்தவர் தேவை என்ற அறிவிப்பைப் பார்த்து டாக்சி நிறுவனத்துக்குப் போனேன். அதற்குப் பிறகு வேறெங்கும் போகவில்லை.

மேசைத் தலைவி ஜினெட். கியூபெக்கின் உள்நாட்டுக் கிராமமொன்றில் பிறந்தவர். தாமே பல காலம் டாக்சி ஓட்டியவர். நாற்காலியில் சாயமாட்டார். ஹெட்செட்டை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்வார். மற்றக் காது எங்களுக்கு. அமைச்சருக்கும் குடிகாரனுக்கும் ஒரே குரலில் முகவரியைத் திருப்பிச் சொல்வார். நாங்கள் பிழைவிட்டால் திட்டுவதில்லை. தன் பேனாவை எங்கள் தாளின் மீது குறுக்கே வைத்து, “ஆன்கோர்” என்பார். மறுபடியும் என்று பொருள். அந்த வாடிக்கையாளரை மறுபடி அழைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்க வேண்டும்.

அவர் எங்களுக்குத் தந்த ஒழுங்கு எளிமையானது. முதலில் எண். பிறகு, எந்த இரண்டு குறுக்குத் தெருக்களுக்கு நடுவில். கடைசியாக, கதவைத் திறந்தால் எதிரே என்ன தெரிகிறது. இவை மூன்றையும்விடக் கடுமையான விதி ஒன்று இருந்தது: பதிலை நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது. “மருத்துவமனைக்குப் பக்கத்திலா?” என்று கேட்டால், அவசரத்தில் இருப்பவர் ஆமாம் என்றுதான் சொல்வார் என்பது ஜினெட்டின் அனுபவம். எங்கள் ஆட்களிடம் இது இன்னும் மோசம். மரியாதையாக ஒருவர் கேட்டால் மரியாதையாக “ஓம்” என்று சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். விளங்கினாலும் ஓம், விளங்காவிட்டாலும் ஓம். தமிழ் அழைப்புகளை என்னிடம் தள்ளிவிட்டபோது ஜினெட் சொன்னார்: “உன் ஆட்கள் ஓம் சொன்னால் நம்பாதே. அவர்கள் தாமாகச் சொல்வதை மட்டும் எழுது.”

இனி டோர்செஸ்டர்.

நகரின் நடுவே கிழக்கு மேற்காக ஓடும் அகலமான பெருந்தெருவுக்கு நான் வந்த காலத்தில் டோர்செஸ்டர் என்று பெயர். மறு ஆண்டு மாகாணத்தின் முன்னாள் முதல்வர் ஒருவர் காலமானார். தெருவுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். அது ரெனே-லெவெக் ஆயிற்று. ஆனால் மேற்கே வெஸ்ட்மவுண்ட் தனி நகரசபை, ஆங்கிலேயர் நிறைந்த இடம். அவர்கள் தங்கள் எல்லைக்குள் பெயரை மாற்றவில்லை. ஆகவே நேராக ஓடும் ஒரே தெரு அட்வாட்டர் தெருவைத் தாண்டியதும் மறுபடி டோர்செஸ்டர் ஆகிவிடுகிறது. நகரின் நடுவே இருந்த பழைய சதுக்கம் ஒன்றுக்கும், ஆறுதலுக்குப் போல, டோர்செஸ்டர் என்று பெயர் வைத்தார்கள்.

அந்த முதல்வர் இறந்த நாளில் ஜினெட் தெருவில் நின்று அழுதவர். அந்தத் தெருவை அவர் வாய் டோர்செஸ்டர் என்று சொல்லாது. யாராவது வாடிக்கையாளர் அப்படிச் சொன்னால், “அந்தப் பெயருக்குரிய ஆங்கிலப் பிரபு செத்து இருநூறு வருடமாகிறது, இன்னும் எனக்கு வேலை வைக்கிறான்” என்று முணுமுணுப்பார். ஆனால் சரியான இடத்துக்கு வண்டி அனுப்புவார்.

தமிழருக்கு இந்தப் பெயரில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. எண்பதுகளின் நடுவில் அகதியாக வந்தவர்கள் அந்தத் தெருவை “டோச்செஸ்டர்” என்று படித்தார்கள். ஹோட்டல்களில் கோப்பை கழுவியதும், குடிவரவு அலுவலகத்துக்கு நடந்ததும் அந்தத் தெருவில்தான். பெயர்ப்பலகை மாறியது, அவர்கள் வாய் மாறவில்லை. பின்னால் வந்தவர்களுக்கு அது ரெனே-லெவெக். பிள்ளைகளுக்கோ டோச்செஸ்டர் என்றால் என்னவென்றே தெரியாது. ஒரே வீட்டில் தகப்பனுக்கு ஒரு தெரு, மகளுக்கு இன்னொரு தெரு.

ஒரு கலியாணம் நினைவிருக்கிறது. மாப்பிள்ளையின் தாய்மாமன் தொலைபேசியில் மூன்று வண்டி கேட்டார். “டோச்செஸ்டரில மண்டபம் பிள்ளை, எல்லாருக்கும் தெரியும்” என்றார். அழைப்பை எடுத்தவர் புதியவர். மூன்று வண்டிகளும் வெஸ்ட்மவுண்டில், வரிசையான கல்வீடுகளின் முன்னால் போய் நின்றன. பட்டுச்சேலையும் வேட்டியுமாக இறங்கியவர்களை ஜன்னலில் இருந்து ஒரு வெள்ளைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தாராம். மாமன் என்னை அழைத்தார்.

“தங்கச்சி, முகூர்த்தம் போகுது! இஞ்ச ஒரு துரைதான் நிக்கிறார். அவருக்கே தாலியைக் கட்டச் சொல்லுறதோ?”

“மண்டபத்துக்கு முன்னால என்ன கிடக்கு அண்ணை?”

“முன்னாலயோ... ஒரு பெரிய ஹோட்டல். நான் முந்தி வேலை செய்த ஹோட்டல்தான்.”

“அப்ப ரெனே-லெவெக். கிழக்கால திரும்பச் சொல்லுங்கோ.”

“அது ஆர் ரெனே?”

முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பிறகு ஜினெட் மேசைச் சுவரில் ஒரு வரி எழுதி ஒட்டினார்: டோர்செஸ்டர் என்றால் எண்ணைக் கேள், எண் நாலாயிரத்துக்கு மேலே என்றால் வெஸ்ட்மவுண்ட். பல ஆண்டுகள் அந்த வரி எங்களுக்குப் போதுமாக இருந்தது. அது போதாமல் போன ஒரு நாளைத்தான் நான் முக்கியமாக எழுத வேண்டும்.

நான் தினமும் நாட்குறிப்பு எழுதுபவள். ஆனால் வாடிக்கையாளரைப் பற்றி அதில் எழுதுவதில்லை. தொலைபேசி வரியில் கேட்டது அந்த வரியோடு நிற்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். கீழே வருவதை எழுத அந்தக் குடும்பத்தின் மகள் சம்மதம் தந்திருக்கிறார். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

கோவிட்டுக்கு முந்திய ஆண்டின் குளிர்காலம், மாசி மாதம், பனி சாய்வாக விழுந்துகொண்டிருந்த ஒரு பிற்பகல். நகரின் வடக்கே மொன்ட்ரியால்-நோரில் ஒரு டெபனரிலிருந்து, அதாவது தெருமுனைக் கடையிலிருந்து, கடைக்காரர் அழைத்து, ஒரு வயதான அம்மாவுக்கு வண்டி கேட்டிருக்கிறார். போகுமிடம் டோர்செஸ்டர் என்றிருக்கிறார். என் பக்கத்து மேசைக்காரர் அதை எடுத்தார். எண் கேட்டபோது, அம்மாவுக்கு எண் தெரியாது, இடத்தைக் கண்டால் காட்டுவார் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். போனவர் ஃப்ரிட்ஸ். ஹெயிட்டியைச் சேர்ந்த மூத்த ஓட்டுநர், பொறுமையான மனிதர். பெயர்ப்பலகையில் டோர்செஸ்டர் என்று எழுதியிருக்கும் ஒரே பெருந்தெருவுக்கு, அதாவது வெஸ்ட்மவுண்டுக்கு, அம்மாவைக் கொண்டுபோனார். அங்கிருந்து என்னைக் கூப்பிட்டார்.

“மதாம் மலர், உங்கள் ஊர் அம்மா ஒருவர் இருக்கிறார். இறங்க மாட்டேன் என்கிறார். வீடு வீடாகப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார். கோபமில்லை. ஆனால் கண் கலங்கியிருக்கிறது.”

வண்டி வானொலியில் பேசினால் எல்லா ஓட்டுநர்களுக்கும் கேட்கும். ஃப்ரிட்ஸின் கைபேசிக்கு அழைத்து, அதைப் பின்னிருக்கையில் கொடுக்கச் சொன்னேன்.

“அம்மா, வணக்கம். டாக்சி ஒஃபீசில இருந்து கதைக்கிறன்.”

“ஆர், தமிழோ?”

“ஓம் அம்மா.”

“அப்பாடா. உந்தப் பொடியன் நல்லவன், பிள்ளை. ஆனா வெறும் பிரெஞ்சு. நான் டோச்செஸ்டர் எண்டுறன், அவனும் டோச்செஸ்டர் எண்டுறான். ரெண்டு பேரும் ஒண்டைத்தான் சொல்லுறம். ஆனா இது இல்லை.”

பொடியன் என்று அவர் சொன்ன ஃப்ரிட்ஸுக்கு அப்போது அறுபது வயது.

“உங்களுக்குத் தெரிஞ்ச டோச்செஸ்டரில என்ன இருக்கும் அம்மா?”

“பெரிய கட்டடங்கள். காத்து அள்ளிக்கொண்டு போகும். என்ர மனிசன் வந்த புதுசில அங்கதான் ஹோட்டலில கோப்பை கழுவினவர். நான் பின்னேரத்தில சாப்பாடு கொண்டு போறனான்.”

விளங்கிவிட்டது என்று நினைத்தேன். எத்தனையோ முறை பார்த்த சிக்கல். கிழக்கே திரும்பி ரெனே-லெவெக்கில் போகும்படி ஃப்ரிட்ஸிடம் சொன்னேன். சற்று நேரத்தில் அம்மாவின் குரல் உயர்ந்தது. “ஓம், ஓம், இதுதான்! அந்தா ஹோட்டல்.”

“ஆரிட்ட போறியள் அம்மா?”

“மகனிட்ட. அவன் டோச்செஸ்டரிலதான் நிக்கிறான்.”

“அவர் இருக்கிற இடம் என்ன மாதிரி எண்டு சொன்னவர்?”

“அவன் எனக்கு ஒண்டும் சொல்லுறேல்லை. மகளோடதான் கதைப்பான். போன் வந்தா அவள் அதைத் தூக்கிக்கொண்டு மற்ற அறைக்குப் போயிடுவாள். கதவுக்கு இஞ்சால நிண்டு எனக்குக் கேட்டதுதான். டோச்செஸ்டர் எண்டும் பெரிய மதில் எண்டும் சொன்னவள். பேந்து, ‘உங்க இப்ப ஒரு மணித்தியாலம் கூடவெல்லோ, கெதியாக் கதை’ எண்டவள்.”

ஒரு மணித்தியாலம் கூட. ஒரே நகரத்துக்குள் நேரம் எப்படி வேறாகும்? நான் அந்த வாக்கியத்தைப் பிரெஞ்சில் சொல்லிப் பார்த்தேன். மறுபக்கத்து மேசையில் ஜினெட் அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தார். எங்களுக்கென்று விட்ட காதில் அது விழுந்தது. முட்டையைக் கீழே வைத்தார்.

“நியூ பிரன்ஸ்விக். கிழக்கே அடுத்த மாகாணம், அங்கே கடிகாரம் நமக்கு ஒரு மணி முன்னால்” என்றார். “அங்கே ஒரு டோர்செஸ்டர் உண்டு. சின்ன ஊர். அந்த ஊரில் என்ன இருக்கிறது என்று இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும்.”

எனக்கும் தெரியும். நீதிமன்றச் செய்திகளில் வரும் பெயர். அங்கே ஒரு பெரிய மத்திய சிறை இருக்கிறது. ஆனாலும் ஓர் ஊரில் சிறை இருந்தால் அங்கிருப்பவர் எல்லோரும் கைதிகள் ஆகிவிடமாட்டார்கள். நான் எதையும் முடிவு செய்யாமல், மகளின் தொலைபேசி எண்ணைக் கேட்டேன். அம்மா மனப்பாடமாகச் சொன்னார். மற்ற வரியில் மகளை அழைத்தேன். பெயர் கலா. டோர்வலில் விமானங்களுக்கு உணவு கட்டும் இடத்தில் வேலை.

“ஐயோ, அம்மா வீட்டில படுத்திருக்கிறா எண்டெல்லோ நினைச்சன். எங்க நிக்கிறா?”

“ரெனே-லெவெக்கில. பத்திரமா இருக்கிறா. டோர்செஸ்டருக்குப் போகவேணும் எண்டு வெளிக்கிட்டவ. மகனிட்டயாம்.”

கலாவின் குரல் தாழ்ந்தது.

“அக்கா, அவவுக்குச் சொல்லிப் போடாதேங்கோ. தம்பி தூர இடத்தில வேலை எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறம். உண்மை தெரிஞ்சா அவ உடைஞ்சு போவா. அப்பா போனதோட பாதி ஆள்தான் மிச்சம்.”

“நான் சொல்லமாட்டன்.”

“நான் வாறன். அங்கயே வைச்சிருங்கோ.”

அந்தத் தம்பி என்ன செய்தார், எதற்காகத் தண்டனை என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது.

அம்மாவின் வரிக்குத் திரும்பினேன். மகள் வருகிறார் என்று சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

“பிள்ளை, நீர் வழி சொல்லுறவரெல்லோ. எனக்கு ஒரு வழி சொல்லும். என்ர பிள்ளை இருக்கிற டோச்செஸ்டர் எங்க?”

ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு ஜினெட்டிடம் நிலைமையைச் சொன்னேன். மகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். தாயோ நேராகக் கேட்கிறார். வாடிக்கையாளருக்குப் பொய்யான இடத்தைச் சொல்லக் கூடாது என்பதும் எங்கள் மேசையின் விதிதான். ஜினெட் சற்று யோசித்தார்.

“இடம்தானே கேட்கிறார்? இடத்தைச் சொல். அங்கே என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை.”

சொன்னேன். “அம்மா, அந்த டோர்செஸ்டர் இந்த நகரத்துக்குள்ள இல்லை. வேற மாகாணம். காரில போனா ஒரு பகல் முழுக்க ஓட்டம்.”

வரியில் வைப்பர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“அவ்வளவு தூரமோ” என்றார். பிறகு, தனக்கே சொல்வதுபோல: “அப்ப அவள் என்னை ஏமாத்தேல்லை. நான் நினைச்சன், இஞ்ச, பஸ்ஸில போற தூரத்தில தம்பியை வைச்சுக்கொண்டு ஒருநாள்கூட என்னைக் கூட்டிக்கொண்டு போகேல்லை எண்டு. கனகாலமா அவளோட முகம் குடுத்துக் கதைக்கேல்லை. அவள் சமைச்சதைக்கூட வாய் வைச்சுச் சாப்பிடேல்லை. பாவி நான்.”

அதே மூச்சில் அடுத்ததையும் கேட்டார்.

“அங்க மறியல் பெரிசோ, பிள்ளை?”

மறியல் என்றால் எங்கள் பேச்சில் சிறை; மகளுக்குக் கொடுத்த வாக்கால் அதற்கு நான் பதில் சொல்ல முடியாது.

“நீர் சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும். கோட்டில வழக்கு நடக்கேக்கையே தெரியும். இங்கிலீசில கதைச்சா அம்மாவுக்கு விளங்காது எண்டு அதுகளுக்கு நினைப்பு. நான் என்ன, ரீவி பாக்காமலே இவ்வளவு காலம் இருந்தனானே? உள்ள விடமாட்டாங்கள் எண்டும் தெரியும். மதிலையாவது பாத்திட்டு வருவம் எண்டுதான் வெளிக்கிட்டனான்.”

“அம்மா...”

“மகளுக்கு இதைச் சொல்லிப் போடாதேயும். எனக்கு ஒண்டும் தெரியாது எண்டுற நினைப்பிலதான் அவள் நிமிந்து நடக்கிறாள். அதையும் கெடுக்கக் கூடாது.”

“சொல்லமாட்டன் அம்மா” என்றேன். ஒரே பிற்பகலில் ஒரே வாக்கை இரண்டாவது முறை கொடுத்தேன்.

ஃப்ரிட்ஸ் வண்டியை ஹோட்டலுக்கு முன்னால் ஓரங்கட்டி, ஹீட்டரைப் போட்டுவிட்டு, தேநீர் வாங்கி வந்து கொடுத்தார். நான் வரியை விடவில்லை. கலா வந்து கதவைத் திறந்ததும் கேட்டது.

“எங்கயம்மா வெளிக்கிட்டனீங்கள், இந்தப் பனிக்குள்ள?”

“சும்மா. அப்பா வேலை செய்த இடத்தை ஒருக்காப் பாப்பம் எண்டு.”

“உங்களுக்கென்ன லூசோ?”

“உனக்குத்தான் லூசு. தொப்பி போடாமல் வந்து நிக்கிறாய். ஏறு உள்ள.”

வரி அறுந்தது. ஃப்ரிட்ஸ் இருவரையும் மொன்ட்ரியால்-நோரில் கொண்டுபோய் விட்டார். வழியெல்லாம் தாய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று பிறகு சொன்னார்.

மறுநாள் காலை கலா நன்றி சொல்ல அழைத்தார். பின்னால் உணவுத் தட்டுகளை அடுக்கும் ஓசை கேட்டது.

“அம்மா என்ன அக்கா கேட்டவ? ஏதும் சொன்னவவோ?”

நான் இரவு முழுவதும் இந்தக் கேள்வியை எதிர்பார்த்திருந்தேன். தாய் கேட்டுக்கொண்டதைச் சொல்ல முடியாது. சொல்லாவிட்டால், ஒருவருக்காக ஒருவர் நடித்துக்கொண்டே இருவரும் அந்த வீட்டில் இருப்பார்கள். மகனை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று குளிரில் கிளம்பிய அந்த மனுஷி பார்க்காமலே போய்விடுவார். அவருக்கு அப்போது எண்பதை நெருங்கிய வயது.

“கலா, அம்மாவை டோர்செஸ்டருக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ.”

“நேற்றுத்தானே போய்ப் பாத்தவ. அப்பான்ர ஹோட்டல்...”

“அது இல்லை.”

தட்டுகளின் ஓசை நின்றது. யாரோ அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

“எந்த டோர்செஸ்டர் அக்கா?”

“நீங்கள் போற டோர்செஸ்டர்.”

கடைசியில், நன்றி என்பதற்கு “மெர்சி” என்றார். ஏன் அந்த நேரத்தில் பிரெஞ்சு வந்ததோ தெரியாது. வைத்துவிட்டார்.

நான் செய்தது சரியா என்று ஜினெட்டிடம் கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார். “போகுமிடத்தைச் சொன்னாய். அது உன் வேலை” என்றார். எனக்கு அது முழுமையான பதிலாகப் படவில்லை. வாக்கின் சொற்களை நான் மீறவில்லை. வாக்கை மீறினேனா என்பது வேறு கேள்வி. இந்த வேலையில் பிழைவிட்ட பல இரவுகள் நன்றாகத் தூங்கியிருக்கிறேன். பிழையா என்று தெரியாத அந்த வாரம் தூங்கவில்லை.

அதற்குப் பிறகு பல மாதங்கள் அவர்களிடமிருந்து செய்தி இல்லை. அந்த நாட்களில்தான் இந்தப் பெயர் யாருடையது என்று நூலகத்தில் தேடிப் படித்தேன். ஒரு பெயரை இத்தனை வருடம் வாயில் வைத்திருந்துவிட்டு, அதன் சொந்தக்காரரைத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

கியூபெக்கை ஆண்ட ஆங்கில ஆளுநர் ஒருவருக்கு 1786இல் டோர்செஸ்டர் பிரபு என்ற பட்டம் கிடைத்தது. அதற்கு முன்னரே அந்தப் பெயரில் வேறு பட்டங்கள் இருந்திருக்கின்றன. ஓர் அரசனின் காதலிக்குக்கூட அவள் வாழ்நாள் வரைக்கும் டோர்செஸ்டர் சீமாட்டி என்ற பட்டம் கொடுத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் டோர்செஸ்டர் என்றால் எல்லோரும் நினைப்பது தெற்கேயுள்ள ஒரு பெரிய ஊரை. எங்கள் ஆளுநரின் பட்டம் அந்த ஊரைச் சேர்ந்ததல்ல; ஒக்ஸ்ஃபர்ட் பக்கம் தேம்ஸ் கரையிலுள்ள, அதே பெயருடைய சிறிய ஊரைச் சேர்ந்தது. சில ஆண்டுகளில் அந்தப் பெரிய ஊரின் பெயரால் இன்னொருவருக்கு இன்னும் உயர்ந்த பட்டம் கொடுத்தார்கள். ஆக, ஒரே காலத்தில் இரண்டு டோர்செஸ்டர் பிரபுக்கள் உயிரோடு இருந்திருக்கிறார்கள். இதை ஜினெட்டிடம் சொன்னபோது, “அவர்களுக்குக் குதிரைவண்டி அனுப்பியவனை நினைத்துப் பார்” என்றார்.

ஆளுநரின் பெயரை இந்த நாடு பல இடங்களுக்கு எடுத்துக்கொண்டது. ஒன்டாரியோவில் ஓர் ஊர், கியூபெக்கில் ஒரு மாவட்டம், எங்கள் தெரு, நியூ பிரன்ஸ்விக்கின் அந்தச் சிறை உள்ள ஊர். எல்லாம் அந்த ஒரே மனிதரின் பெயரால். பட்டமோ மகனுக்கு மகனாகப் போக வேண்டியது. அந்த வம்சத்தில் ஆண்வாரிசு அற்றுப்போனதும் அதுவும் முடிந்தது. சிறிது காலத்தில் அந்தக் குடும்பத்தின் ஒரு மகளுக்காக அதைத் திரும்ப உண்டாக்கினார்கள். அடுத்த தலைமுறையில் அதுவும் தீர்ந்தது. கடைசிப் பிரபு 1963இல் இறந்தார். இப்போது அந்தப் பட்டத்துக்கு உரியவர் என்று பூமியில் யாரும் இல்லை. மொன்ட்ரியால்-நோரில் ஒரு கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்ட ஒரு தாயைத் தெருவுக்கு அனுப்ப, அந்தப் பெயர் மட்டும் போதுமாக இருந்திருக்கிறது.

ஆனி மாதத்தில் கலா அழைத்தார். வண்டி வேண்டாம், கதைக்க நேரம் இருக்கிறதா என்று கேட்டார். ஜினெட் கையைக் காட்டி, தன் வரிக்கு என் அழைப்புகளை எடுத்துக்கொண்டார்.

அன்று வேலையிலிருந்து வீட்டுக்குப் போன கலா, நேராகத் தாயிடம் “உங்களுக்கு எப்ப இருந்து தெரியும்?” என்று கேட்டிருக்கிறார். “உனக்கு எப்ப இருந்து தெரியும் எனக்குத் தெரியும் எண்டு?” என்று தாய் திருப்பிக் கேட்டாராம். பிறகு இருவரும் குசினி அடுப்படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். ஆனால் அத்தோடு போய்விட முடியவில்லை. சிறையில் யாரைப் பார்க்கலாம் என்பதற்குக் கைதிதான் முதலில் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். தம்பி தாயின் பெயரை எழுத மறுத்துவிட்டார். அம்மா என்னை இந்த உடுப்பில் பார்க்கக் கூடாது என்றாராம். கலா கெஞ்சிப் பார்த்தார், பலனில்லை. கடைசியில் ஒருநாள் தாயே தொலைபேசியைப் பறித்திருக்கிறார்.

“நீ எழுதிக் குடுக்காட்டி, நான் வந்து மதிலுக்கு வெளியில கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பன். மழை பெய்தா உனக்குத்தான் வெக்கம்.”

தம்பி எழுதிக் கொடுத்தார். அனுமதி வர நாளானது. வந்ததும் கலா விடுமுறை எடுத்து, தாயை முன்னிருக்கையில் வைத்துக் காரை ஓட்டிக்கொண்டு போனார். வாசலில் சோதனை. தாயின் காப்பைக் கழற்றச் சொன்னார்கள், அது கழலவில்லை. சவர்க்காரம் போட்டுக் கழற்றினார்கள். பிறகு மேசைகள் போட்ட ஒரு பெரிய அறை. ஒவ்வொரு மேசையிலும் யாரோ யாருக்காகவோ காத்திருந்தார்கள்.

தம்பி உள்ளே வந்தவர், தாயைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாராம். கிட்ட வரவில்லை. காவலர் பார்த்துக்கொண்டிருந்தார். கலாவுக்குப் பயமாகிவிட்டது, திரும்பிப் போய்விடுவாரோ என்று. தாயும் எழும்பவில்லை.

“அம்மா... நீங்கள் என்னெண்டு இவ்வளவு தூரம்...” என்று தம்பி தொடங்கியிருக்கிறார்.

“மாசியிலயே டாக்சி பிடிச்சு வந்தனான்” என்றாராம் தாய். “நீதான் அங்க நிக்கேல்லை.”

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வழக்குத் தொடங்கிய பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன் என்று சொன்னார் கலா. அந்தச் சிரிப்போடுதான் அவர் நடந்து வந்து தாயின் எதிரே உட்கார்ந்தாராம்.